போலந்து எல்லையில் இரு மரப் பள்ளிவாசல்கள்

போலந்து என்றதும் நம் நினைவுக்கு வருவன கத்தோலிக்கத் தேவாலயங்களும் இரண்டாம் உலகப் போரின் அழிவுகளுமே. அந்நாட்டின் வடகிழக்கு மூலையில், பைன் மரக் காடுகளுக்கும் உருளைக்கிழங்கு வயல்களுக்கும் இடையே, முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முஸ்லிம்கள் வாழ்ந்து வருகின்றனர். மரத்தாலான இரு பள்ளிவாசல்கள் அவர்களின் வாழ்வுக்குச் சான்றாக இன்றும் நிற்கின்றன. நம்மில் பலர் அறியாத அம்மக்களின் கதையை அறிய, முதலில் அவர்கள் வாழும் மண்ணை அறிதல் வேண்டும்.

நிலமும் பிழைப்பும்

அவ்வட்டாரத்தின் பழம்பெயர் போட்லாசியே. போலந்து மக்களைக் கிழக்கிலுள்ளோர் 'லாஹ்கள்' என்று அழைத்தனர். லாஹ்களின் நாட்டை ஒட்டிய நிலம் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவோர் உண்டு. காட்டை ஒட்டிய நிலம் என்போரும் உண்டு. இரண்டுமே பொருத்தம்தான். எல்லையும் காடும்தாம் அம்மண்ணின் தலைவிதியை எழுதின.

பூக், நாரெவ், பியெப்ஷா ஆகிய ஆறுகள் அங்கே சமவெளியில் மெல்ல வளைந்து செல்கின்றன. இளவேனிலில் பனி உருகும்போது கரை புரண்டு, புல்வெளிகளை ஏரிகளாக்கிவிடுகின்றன. பியெப்ஷாவின் சதுப்பு நிலங்கள் 1993ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ 590 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அதுவே போலந்தின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. தெற்கே, பெலாரஸ் நாட்டுக்குள்ளும் விரிந்து கிடக்கிறது பியாவோவியெஜா பெருங்காடு. ஐரோப்பியக் காட்டெருமையின் புகலிடம் அது. அக்காட்டில் திரிந்த கடைசிக் காட்டெருமை 1919இல் கொல்லப்பட்டது. விலங்கு காப்பகங்களில் எஞ்சியிருந்தவற்றைக் கொண்டு 1929 முதல் இனம் பெருக்கி, 1952இல் மீண்டும் காட்டில் விட்டார்கள்.

மணற்பாங்கான மண், நீண்ட குளிர்காலம். கோதுமையைவிட ரை என்னும் தானியமும் உருளைக்கிழங்குமே அங்கு எளிதில் விளைந்தன. ஆனால் ஈரப் புல்வெளிகள் கால்நடைகளுக்கு ஏற்றவை. ஆகவே பால்வளத்தில் போலந்தின் முன்னணி வட்டாரங்களுள் ஒன்றாக இது விளங்குகிறது. விவசாயிகளின் கூட்டுறவுப் பால் நிறுவனங்களே இன்று இங்குள்ள பெருந்தொழில். முன்னாளில் அந்த இடத்தைத் துணி நெசவு பெற்றிருந்தது. ரஷ்ய ஆட்சிக்கு எதிராக 1830இல் வெடித்த போலந்துக் கிளர்ச்சி அடக்கப்பட்டபின், போலந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையே சுங்க வரிச் சுவர் எழுந்தது. வரியிலிருந்து தப்ப, நெசவாலை முதலாளிகள் எல்லைக்கு அப்பாலிருந்த பியாலிஸ்டோக் நகருக்குத் தங்கள் தறிகளைப் பெயர்த்துச் சென்றனர். சிற்றூர் தொழில் நகரமாயிற்று.

பல மொழி, பல மதம்

லித்துவேனியப் பெருங்கோமகன் ஆட்சியில் இருந்த போட்லாசியே 1569இல் போலந்து முடியின்கீழ் வந்தது. 1795இல் போலந்து அரசே வரைபடத்திலிருந்து மறைந்தது. ரஷ்யர், பிரஷ்யர், ஜெர்மானியர், சோவியத்துகள் என ஆட்சிகள் மாறிக்கொண்டே இருந்தன. கத்தோலிக்கரும், கீழைத் திருச்சபைக் கிறிஸ்தவரும், யூதரும் அருகருகே வாழ்ந்தனர். பலமுறை பகைத்தும் வாழ்ந்தனர். 1859இல் பியாலிஸ்டோக்கில் பிறந்த யூத மருத்துவர் சாமென்ஹோஃப், மொழியால் பிரிந்த அந்நகர மக்களைக் கண்டு மனம் நொந்தே, அனைவருக்கும் பொதுவான 'எஸ்பராண்டோ' மொழியை உருவாக்கி 1887இல் வெளியிட்டார். அந்த நல்லெண்ணம் அவ்வூரைக் காக்கவில்லை. 1941 ஜூன் 27 அன்று நாஜிப் படையினர் பியாலிஸ்டோக்கின் பெரிய யூத ஆலயத்துக்குள் நூற்றுக்கணக்கானோரை அடைத்துத் தீ வைத்தனர். சில ஆண்டுகளுக்குள் அந்நகரின் யூத சமுதாயமே ஏறத்தாழ இல்லாமற் போயிற்று.

ஒரு சமுதாயம் அடியோடு அழிந்த அம்மண்ணில்தான் மற்றொரு சிறு சமுதாயம் இன்றும் தன் மார்க்கத்தோடு நிலைத்திருக்கிறது.

ஊதியத்துக்கு ஈடாக ஊர்கள்

அவர்கள் தாத்தாரியர். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் லித்துவேனிய வேந்தர் விட்டோல்ட் அவர்களின் முன்னோரைத் தம் நாட்டில் குடியேற்றினார். குதிரைப்படைச் சேவையே அவர்கள் செலுத்திய வரி. 1410இல் நிகழ்ந்த குருன்வால்ட் போரில் அவர்கள் அவருடன் நின்றனர்.

பதினேழாம் நூற்றாண்டில் போலந்து அரசு அவர்களின் ஊதியத்தை நிலுவையில் வைத்தது, உரிமைகளையும் குறைத்தது. 1672இல் சில படைப்பிரிவுகள் வெகுண்டு உதுமானியர் பக்கம் சேர்ந்தன. மன்னர் ஜான் சோபியெஸ்கி அவர்களைத் திரும்ப அழைத்து, கொடுபடாத ஊதியத்துக்கு ஈடாக 1679இல் நிலம் வழங்கினார். பொஹோனிகி, குருஷினியானி ஆகிய ஊர்கள் அவ்வாறு கிடைத்தவை. பழைய போட்லாசியேயின் கிழக்கு விளிம்பை ஒட்டியிருந்த அவ்வூர்கள், இன்று அதன் பெயரைத் தாங்கிய மாகாணத்துக்குள் அடங்கியுள்ளன. 1683இல் வியன்னாவில் உதுமானியப் படையைச் சோபியெஸ்கி எதிர்த்தபோது, அவர் அணியிலும் இந்தத் தாத்தாரிய முஸ்லிம்கள் இருந்தனர் என்பது வரலாற்றின் விந்தை.

குருஷினியானி பள்ளிவாசல் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பச்சை வண்ணம் பூசிய மரச் சுவர்களும் இரு கோபுரங்களும் கொண்டது. உள்ளூர்த் தச்சர்களின் கைவண்ணமாதலால், தொலைவில் நின்று நோக்குவோருக்குக் கிராமத் தேவாலயம் போலத் தோன்றும். உச்சியிலுள்ள பிறையே உண்மையைச் சொல்லும். உள்ளே மிஹ்ராபும் மிம்பரும், சுவர்களில் அரபு எழுத்தணிச் சட்டங்களும், பெண்களுக்குத் தனிப் பகுதியும் உள்ளன. பொஹோனிகி பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் அதைப் போர்க்கள மருத்துவமனையாக்கினர். 1939க்கு முன் போலந்தில் 17 பள்ளிவாசல்கள் இருந்தன. போருக்குப்பின் எல்லைக் கோடுகள் நகர்ந்தபோது, போலந்துக்கு எஞ்சியவை இவ்விரண்டு மட்டுமே. 2012இல் இவை தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

சில நூற்றாண்டுகளிலேயே இம்மக்கள் தங்கள் தாய்மொழியை இழந்து பெலாரசிய மொழியும் போலிஷ் மொழியும் பேசலாயினர். ஆயினும் மார்க்க நூல்களை அம்மொழிகளிலேயே, அரபு எழுத்தில் எழுதி வைத்தனர். அந்நூல்களுக்கு இன்றும் 'கிதாப்' என்றே பெயர். அரபுத்தமிழில் மார்க்கம் கற்ற முன்னோரின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். மொழி போயிற்று, எழுத்து ஈமானைச் சுமந்து நின்றது.

தோல் பதனிடுதல், காய்கறித் தோட்டம், படைச் சேவை ஆகியவை அவர்களின் பரம்பரைத் தொழில்கள். இன்று இவ்வூர்களில் தங்கியிருப்பவை சில குடும்பங்களே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைத் தாத்தாரியர் என்று பதிவு செய்தோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 1,900 பேர்தாம். பிழைப்புக்காக நகரங்களில் குடியேறியவர்கள் பெருநாட்களில் மரப் பள்ளிக்குத் திரும்பி வருகிறார்கள். மெல்லிய மாவு அடுக்குகளுக்குள் இறைச்சி வைத்துச் சுருட்டிச் சுடும் 'பியெரெகாச்செவ்னிக்' என்னும் பண்டத்தைச் சுவைக்கச் சுற்றுலாப் பயணிகளும் வருகிறார்கள்.

அந்நியருக்கு ஆறடி மண்

2021ஆம் ஆண்டு இச்சிறு ஜமாஅத்துக்கு ஒரு சோதனை வந்தது. சிரியா, இராக், யெமன், ஆப்கானிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து பெலாரஸ் வழியாக வந்த ஆயிரக்கணக்கான அகதிகள், போலந்தின் எல்லைக் காடுகளில் சிக்கித் தவித்தனர். இருபுறத்துக் காவலர்களும் அவர்களை விரட்டினர். குளிரிலும் ஆற்றிலும் உயிர்கள் போயின. உற்றார் எவரும் அருகில்லாத அந்த மையித்துகளை யார் பொறுப்பேற்பது?

பொஹோனிகி ஜமாஅத் பொறுப்பேற்றது. பூக் ஆற்றில் மூழ்கி இறந்த 19 வயது சிரிய இளைஞர் ஒருவரின் ஜனாஸா, 2021 நவம்பரில் அவ்வூர் மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டது. தாயின் வயிற்றிலேயே இறந்த இராக்கியக் குழந்தையொன்றுக்கும் அதே மாதத்தில் அங்கு குழி தோண்டப்பட்டது. பின்னர் வேறு சிலரும் அங்கே அடக்கப்பட்டனர். எல்லையில் நிறுத்தப்பட்ட போலந்துச் சிப்பாய்களுக்கும் அந்த ஊர்ப் பெண்கள் சூப் காய்ச்சிக் கொடுத்தனர். அகதிகளுக்கு உதவிப் பொருள்களும் திரட்டினர். நாட்டுக்கு விசுவாசமும் மார்க்கச் சகோதரத்துவமும் அவர்களிடம் மோதிக்கொள்ளவில்லை. 2022இல் எல்லை நெடுக 5.5 மீட்டர் உயர இரும்பு வேலி எழுந்தது.

ஜனாஸாவின் கடமை பர்ளு கிஃபாயா என்று நாம் சிறு வயதிலேயே ஓதியிருக்கிறோம். ஊரில் சிலர் நிறைவேற்றினால் அனைவரின் பொறுப்பும் நீங்கும். ஒருவரும் நிறைவேற்றாவிடில் அனைவரும் குற்றவாளிகள். உலக முஸ்லிம்களின் சார்பில் அக்கடமையை அன்று நிறைவேற்றியோர் ஒரு சிற்றூரின் விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பத்தினர். தம் முன்னோர் இரத்தம் சிந்தி ஊதியமாகப் பெற்ற மண்ணில், வீடற்ற அந்நியருக்கு ஆறடி பங்கிட்டுக் கொடுத்தனர். வல்ல அல்லாஹ் அவர்களின் நற்செயலை ஏற்று, அம்மரப் பள்ளிகளில் தொழுகையாளர் வரிசை குறையாது காப்பானாக!