கூதிர்காலத்து மிதிவண்டி

இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் பெரும்பொழுது ஆறினையும் கரும்பலகையில் எழுதிவருகிறேன். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். குறிஞ்சிக்குரிய சிறுபொழுதோ யாமம். ஒவ்வோராண்டும் யாரேனும் ஒரு மாணவி எழுந்து, "கூதிர்னா இலையுதிர்காலந்தானே மேடம்?" என்று கேட்டுவிடுவாள். ஆங்கில வழிப் பாடநூல்கள் நமக்குக் கற்பித்த நான்கு பருவங்களில் மூன்றாவதை எங்காவது பொருத்தியாக வேண்டுமல்லவா? "ஏறக்குறைய" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அந்த 'ஏறக்குறைய' எவ்வளவு பெரிய பொய் என்பது சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் வரை மிதிவண்டியில் போனபோதுதான் எனக்கு உறைத்தது. அன்றைய பயணத்தில் இன்னொரு பொய்யும் என்னுடன் வந்தது. அது என் சொந்தப் பொய்.

எங்கள் கல்லூரியின் வேதியியல் பேராசிரியை சர்க்கரை நோய்க்காக மிதிவண்டி ஓட்டத் தொடங்கியவர். அவரும், இப்போது பள்ளிகளில் வேலை பார்க்கும் என் பழைய மாணவிகள் இருவரும் சேர்ந்து இந்தப் பயணத்துக்குத் திட்டமிட்டார்கள். தூரம் 46 கிலோமீட்டர். "தமிழம்மா வரமாட்டாங்க" என்று யாரோ சொன்னது காதில் விழுந்ததால் நான் வருவதாக ஒப்புக்கொண்டேன். மூன்று வாரம் விடியற்காலையில் கல்லூரி மைதானத்தைச் சுற்றினேன். வண்டி பேராசிரியையின் மகனுடையது. கியர் வைத்தது.

என் பிறந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்கு வயது பத்து. எழுத்துக் கற்றுக்கொண்ட பெண்கள் கூடவே மிதிவண்டியும் கற்றுக்கொண்டார்கள். வயல் வேலைக்குப் போனவர்கள், கல் உடைத்தவர்கள், அங்கன்வாடியில் இருந்தவர்கள் என எல்லாரும் மாலை நேரத்தில் விழுந்து எழுந்து பழகினார்கள். 1992 உலக மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் மிதிவண்டியில் ஊர்வலம் வந்தார்கள். அவர்களுள் என் அம்மாவும் ஒருத்தி. கடன் வாங்கி அம்மா எடுத்தது ஆண்கள் ஓட்டும் வண்டி. கடைகளில் பெண்களுக்கான வண்டி தீர்ந்துவிட்டது என்பது ஒரு காரணம். குறுக்குக் கம்பியில் ஒரு பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது இன்னொன்று. தம்பி கம்பியில், நான் கேரியரில், கைப்பிடியில் தண்ணீர்க்குடம் என, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா மிதித்த காட்சியை நான் எந்த இலக்கியத்திலும் கண்டதில்லை.

2005இல் எனக்கு இங்கே வேலை கிடைத்தபோது, ஆடு விற்ற பணத்தில் இரண்டாயிரத்தை என் கையில் வைத்து, "சைக்கிள் வாங்கிக்க பாப்பா. பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்காதே" என்றாள். வாங்கினேன். திருமணம் ஆகும்வரை ஓட்டவும் செய்தேன். பிறகு, கல்லூரியில் பாடம் எடுக்கும் மருமகள் சைக்கிளில் போவது வீட்டாருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை, முகம்தான் சற்று மாறியது. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. வண்டி மாடிப்படிக்கடியில் சில மாதம் நின்று, பழைய இரும்புக்காரரிடம் போயிற்று. தொலைபேசியில் அம்மா, "சைக்கிள்லதானே போற?" என்று கேட்கும்போதெல்லாம் "ஆமாம்மா" என்றேன். பதினேழு ஆண்டுகளாக அந்த 'ஆமாம்மா'வைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விடியுமுன் புறப்பட்டோம். இண்டூர் தாண்டும்போது வெளிச்சம் வந்தது. சாலையோரப் புளியமரங்களில் முந்தைய இரவு மழை சொட்டிக்கொண்டிருந்தது. மானாவாரிக் காடுகளில் கேழ்வரகு கதிர் வாங்கி நின்றது. பென்னாகரத்தில் தேநீர் குடித்தோம். இங்கிருந்து அம்மாவை அழைத்து, நண்பர்களோடு ஒகேனக்கல்லுக்கு சைக்கிளில் போவதாகச் சொன்னேன். "காட்டு வழியா? ஆனை கெடக்குமே" என்றாள். "கீழே போனா போன் எடுக்காதும்மா" என்றதற்குப் பதிலில்லை. களவுக் காலத்தில் தலைவன் இரவில் வரும் மலைவழியின் இடர்களை எண்ணித் தலைவி அஞ்சுவதை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். 'ஆறு' என்றால் வழி என்றும் பொருள் என்று அங்கே சொல்லிக்கொடுப்பது வழக்கம். வழியில் போகிறவள் நானாகவும், அஞ்சிக்கொண்டு வீட்டில் இருப்பவள் எழுபது வயது அம்மாவாகவும் இருக்கக்கூடும் என்று அப்போதெல்லாம் தோன்றியதில்லை.

பென்னாகரத்துக்கு அப்பால் நிலம் சரியத் தொடங்குகிறது. காப்புக்காட்டின் நடுவே சாலை வளைந்து வளைந்து காவிரியை நோக்கி இறங்குகிறது. நான் எதிர்பாராதது அந்தப் பச்சை. மாசியிலும் பங்குனியிலும் இதே வழியில் பேருந்தில் போயிருக்கிறேன். அப்போது மரங்கள் இலையெல்லாம் உதிர்த்து, எலும்பு எலும்பாக நிற்கும். இந்த நிலத்துக்கு இலையுதிர்காலம் என்று ஒன்று உண்டென்றால் அது பின்பனிக்கும் இளவேனிலுக்கும் இடையில்தான் வருகிறது. கூதிரில் காடு நிறைசூலியாக இருக்கிறது. பாறை இடுக்குகளில்கூட ஏதோ ஒரு கொடி தழைத்திருந்தது. குளிர்ந்த வாடை முகத்தில் அறைய, இருபது ஆண்டுகளாக மாணவியருக்கு நான் அளித்த விடையை நினைத்து வெட்கப்பட்டேன். மொழிபெயர்ப்புச் சொல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணெதிரே இருந்த காட்டைப் பார்க்கத் தவறியவளுக்கு முதுகலைப் பட்டம் ஒரு கேடா?

இறக்கம் கூடக்கூட பிரேக் பிடிமானம் குறைந்தது. ஈரச் சக்கரத்தில் ரப்பர்க் கட்டை வழுக்கியது. இரண்டு வளைவுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தேன். மூன்றாவதில் எதிரே பேருந்து. எப்படியோ ஓரம் கட்டி, ஒரு காலை மண்ணில் தேய்த்து நிறுத்தினேன். செருப்பு பிய்ந்தது. கை நடுக்கம் அடங்கச் சற்று நேரம் பிடித்தது. "எறக்கத்துல பிரேக்க நம்பாதே, எறங்கித் தள்ளு, அதுல ஒண்ணும் கௌரவம் கொறையாது" என்று அம்மா அந்தக் காலத்தில் மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. மீதி இறக்கத்தில் பாதியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். குரங்குகள் மட்டும் வேடிக்கை பார்த்தன.

ஒகேனக்கல்லில் அன்று நீர்வரத்து குறைந்திருந்ததால் பரிசலுக்கு அனுமதி இருந்தது. 'ஹொகே' என்பது கன்னடத்தில் புகை. புகையும் கல் என்பது ஊர்ப்பெயரின் பொருள். அருவிகளின் சாரல் உண்மையிலேயே புகை போலத்தான் எழுகிறது. பரிசல்காரர் மூங்கில் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படியிறங்கினார். முன்பு தோல் போர்த்துவார்களாம். இப்போது பிளாஸ்டிக் தாள்தான். உயிர்காப்பு உடையை மாட்டிக்கொண்டு நால்வரும் எடை பார்த்து எதிரெதிரே அமர்ந்தோம்.

அருவியின் இரைச்சல் பின்னால் நகர, இருபுறமும் பாறைச் சுவர்கள் உயர்ந்தன. எங்களுக்குப் பின்னால் இருந்த கரை தமிழகம், எதிர்க்கரை கர்நாடகம். பாறைக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. மலைப்பிளவை 'விடர்' என்னும் சங்கச் சொல்லுக்கு இதுநாள்வரை 'பிளப்பு' என்று உரை சொல்லிக் கடந்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் இவ்வளவு குளிர்ச்சியும் இருட்டும் இருக்குமென்று உரையாசிரியர்கள் எவரும் எனக்குச் சொல்லவில்லை. இப்பகுதியில் கிடைக்கும் கார்பனடைட் பாறைகள் ஏறத்தாழ 240 கோடி ஆண்டுப் பழமையானவை என்று வேதியியல் அம்மா விளக்கிக்கொண்டிருந்தார். நான் அண்ணாந்து பார்த்தேன். எங்கள் தலைக்கு மேலே பல ஆள் உயரத்தில் ஒரு பாறை இடுக்கில் காய்ந்த செத்தையும் கிழிந்த துணியும் சிக்கியிருந்தன. வெள்ளம் வந்த உயரம் அது. பரிசலின் விளிம்பை என்னையறியாமல் இறுகப் பிடித்தேன்.

"சுத்தட்டுங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் துடுப்பை ஒரு பக்கமாக அழுத்தினார் பரிசல்காரர். பாறையும் வானமும் சுழன்றன. மாணவிகள் இருவரும் கூவிச் சிரித்தார்கள். அவர்கள் இந்த மாவட்டத்தின் கிராமத்துப் பிள்ளைகள். ஆழ்துளைக் கிணற்று நீரின் ஃபுளோரைடால் பல்லில் பழுப்புக் கோடுகள் விழுந்த தலைமுறை. இந்த ஆற்றுநீர் குழாயில் ஊர்களுக்கு வரத் தொடங்கியது 2013இல். அதற்குள் அவர்களின் பற்கள் முளைத்துவிட்டன. வகுப்பில் மூன்றாண்டுகளும் வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தவர்கள். பரிசல் சுழன்றபோது கைகள் விளிம்பைப் பிடித்திருந்ததால் வாயைப் பொத்த முடியவில்லை. அவர்கள் முழுதாகச் சிரித்து நான் பார்த்தது அதுவே முதன்முறை.

கரையேறி, கண்ணெதிரே பொரித்துத் தந்த மீனைத் தின்றுகொண்டிருக்கையில் தூறல் பிடித்தது. திரும்ப ஏறுவதற்கு ஒருவர் காலிலும் வலுவில்லை. பேசிவைத்திருந்த டாடா ஏஸ் வந்தது. நம் ஊர்களில் அதன் பெயர் குட்டியானை. அம்மா அஞ்சிய ஆனை கடைசியில் இதுவாகப் போயிற்று. மிதிவண்டிகளைப் படுக்க வைத்து, நாங்களும் தார்ப்பாய்க்கடியில் ஒடுங்கிக்கொண்டோம்.

பென்னாகரம் மேட்டில் சமிக்ஞை கிடைத்ததும் கைப்பேசியில் ஏழு தவறிய அழைப்புகள். அத்தனையும் அம்மாவிடமிருந்து. அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேம்மா. நாப்பத்தாறு கிலோமீட்டர்."

அவள் வியப்பாள் என்று காத்திருந்தேன். காலையிலிருந்து அந்த ஒரு வியப்புக்காகத்தான் மிதித்திருக்கிறேன் என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கே தெரிந்தது.

"அது என்ன தூரம்? தெனமும் காலேசுக்கு மிதிக்கிற காலுதானே" என்றாள் அம்மா. "இந்த வயசுல நான் அன்னவாசலுக்குப் போயிட்டு வெயில் ஏறுமுன்ன திரும்பிருவேன்."

தார்ப்பாயில் மழை ஓசை வலுத்தது. கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகி வலித்தன. "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினேன். "என்னது? மழைச் சத்தத்துல கேக்கல பாப்பா" என்றாள். சற்று உரக்க, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.