டிஸ்சார்ஜுக்கு முந்தைய ஒரு மணி நேரம்

விஷம் குடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் குடும்பம் முதலில் சாவுக்குப் பயப்படும். உயிர் தப்பிவிட்டது என்று தெரிந்ததும் பயம் போலீஸ் பக்கம் திரும்பிவிடும். காஷுவாலிட்டியில் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவு போட்ட கொஞ்ச நேரத்தில் அவுட்போஸ்ட் காவலர் நோட்டோடு வருவார். "வயித்து வலி தாங்காம குடிச்சிட்டான்னு எழுதிக்குங்க சார்" என்று அப்பா கெஞ்சுவார். காவல் நிலையப் பதிவேடுகளை நம்பினால் நம் ஊர் இளைஞர்களைப் போல வயிற்று வலிக்காரர்கள் உலகத்தில் எங்குமே கிடையாது.

நான் மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளர். பிள்ளையிடம் பேசுவதற்கு முன் அந்த அப்பாவிடம்தான் பேசுவேன். 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரும் கடமையை அரசின் மேல் வைக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவு 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்த வடிவில் இல்லை. இவ்வளவையும் சட்ட மொழியில் சொன்னால் அப்பாவுக்குப் பயம்தான் கூடும். "கேஸ் ஆகாதுங்கய்யா. புள்ளைய யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட மாட்டாங்க. எங்கிட்ட உண்மையச் சொல்லுங்க" என்பேன். தோள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் எங்கள் வேலைக்கு வழி.

வார்டு டாக்டர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இரைப்பையைக் கழுவி, இரவெல்லாம் கண்காணித்து உயிரை மீட்டுத் தருகிறார்கள். அடுத்த கட்டில் காத்திருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் 'மனநல ஓ.பி.யில் பார்க்கவும்' என்று எழுதிவிட்டால் அவர்கள் பங்கு முடிந்தது. அந்தச் சீட்டோடு வீட்டுக்குப் போனவர்களில் பலர் ஓ.பி.க்கு வருவதே இல்லை. வந்தால் ஒரு நாள் கூலி போகும், பஸ் மாற வேண்டும், அந்தப் போர்டுக்குக் கீழே வரிசையில் நிற்பதை ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடலாம். பிள்ளைக்கோ அங்கே உட்கார்ந்திருக்கும் யாரையும் தெரியாது. மறுபடி முயல்வதற்கான ஆபத்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில்தான் அதிகம். அந்த வாரங்களில்தான் பிள்ளை எங்கள் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

இந்த இடைவெளியை அடைக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை என்பதற்குச் சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களின் அவசரப் பிரிவுகளில் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. முயன்று பிழைத்த 1,867 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறு பாதிக்கு அதோடு, வீட்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போன் அல்லது நேரில் விசாரிப்பு. 18 மாத முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் குழுவில் 2.2 சதவீதம், இரண்டாவதில் 0.2 சதவீதம். விசாரித்தவர்கள் எல்லோரும் மனநல மருத்துவர்கள் என்பதும் இல்லை.

அந்த ஒரு மணி நேரத்தை வார்டில் சம்பாதிப்பதே ஒரு சாமர்த்தியம். அம்மாவை டீ குடிக்க அனுப்ப வேண்டும். அத்தையை அனுப்புவது அதைவிடக் கடினம். நின்றுகொண்டு பேசினால் டாக்டர் ரவுண்ட்ஸ் மாதிரி ஆகிவிடும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும். ஏன் செய்தாய் என்று நான் முதலில் கேட்பதில்லை. காஷுவாலிட்டி தொடங்கி ஆயா வரைக்கும் அதைக் கேட்டு முடித்திருப்பார்கள். பிள்ளையிடம் ஒரு தயார் பதில் இருக்கும். மார்க், செல்போன், அப்பா திட்டியது. குழாய் இறக்கிய தொண்டை எரிகிறதா, கஞ்சி இறங்குகிறதா என்று உடம்பிலிருந்து ஆரம்பிப்பேன். பிறகு, "நேத்து எந்த நேரத்துல இனி முடியாதுன்னு தோணிச்சு?" இந்தக் கேள்விக்குத் தயார் பதில் கிடையாது. அதனாலேயே வாய் திறப்பார்கள். சொல்வது வீட்டுக்குள் நடக்கும் பாலியல் வன்கொடுமையாக இருந்தால் வேலை அங்கேயே வேறு திசைக்குத் திரும்பிவிடும். போக்சோ சட்டப்படி நான் தெரிவித்தே ஆக வேண்டும். அதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

அமெரிக்காவின் ஸ்டான்லியும் பிரவுனும் வகுத்த பாதுகாப்புத் திட்டத்தை நாங்களும் பயன்படுத்துகிறோம். மனம் கலங்கத் தொடங்கும் அறிகுறிகள், தனியாகச் செய்யக்கூடியவை, கூப்பிடக்கூடியவர்கள், ஆபத்தான பொருளை அப்புறப்படுத்துவது என்று வரிசையாக எழுதும் ஒரு தாள். நம் வீடுகளில் அந்தத் தாள் ஒரு வாரம்கூடப் பத்திரமாக இருக்காது. அண்ணன் எடுத்துச் சத்தம் போட்டுப் படிப்பான். அதனால் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயர், 14416 என்ற மனநல உதவி எண், அவ்வளவுதான். அது இரவிலும் எடுக்கப்படும் இலவச எண். மற்றதை மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் கைவந்த கலை.

பொருளை அப்புறப்படுத்தும் விஷயத்தை மட்டும் பிள்ளையிடம் விடுவதில்லை. குடித்தது என்ன என்று இங்கே எழுத மாட்டேன்; எழுதக் கூடாது என்பது எங்கள் தொழில் ஒழுக்கம். வயலுக்கு வாங்கிய மருந்து மாட்டுக் கொட்டகைப் பரணில் இருக்கிறது என்றால் அது இன்றே வெளியேற வேண்டும், பூட்டும் சாவியும் யாரிடம் என்று பெயர் சொல்ல வேண்டும். காட்டுமன்னார்கோவில் பக்கக் கிராமங்களில் தற்கொலைத் தடுப்புப் பணி செய்யும் சிநேகா அமைப்பினர் ஊருக்குப் பொதுவாக ஓர் அறை கட்டி, பூட்டுப் போட்ட பெட்டிகளில் பூச்சிமருந்தை வைக்கச் செய்து ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு பஞ்சாயத்திலும் அப்படி ஒன்று வேண்டும் என்பேன். கூட்டங்களில் சொன்னால் தலையாட்டுவார்கள்.

இத்தனையும் செய்தாலும் வார்டில் பேசிய முகமும் ஓ.பி.யில் இருக்கும் முகமும் வேறாக இருந்தால் பாதி வீண். ஆகவே எங்கள் உளவியலாளரை டிஸ்சார்ஜுக்கு முன்பே கட்டிலுக்குக் கூட்டிவந்து ஐந்து நிமிடமாவது உட்கார வைக்கிறேன். "செவ்வாய்க்கிழமை இந்த அக்காவைத்தான் நீ பாக்கப்போற." பெரிய சிபாரிசுக் கடிதத்தைவிட அந்த ஐந்து நிமிடம் அதிகம் செய்யும். அவர் இல்லாத சனிக்கிழமை சாயங்கால டிஸ்சார்ஜ்தான் எனக்குப் பரம விரோதி.

அடுத்தது போன். யாருடைய போன்? பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சொந்தமாக இல்லை; இருந்ததும் இந்தச் சம்பவத்தோடு பிடுங்கப்பட்டிருக்கும். அப்பாவின் எண்ணுக்குக் கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுத் தருவார். அவள் "ம்", "நல்லாருக்கேன்" என்பாள். அதனால் வார்டிலேயே பேசி வைத்துக்கொள்கிறோம்: நான் கேட்பதற்கு "மாத்திரை தீரப்போகுதுக்கா" என்று சொன்னால், நேரில் பார்க்க வேண்டும் என்று பொருள்.

நேரில் போவதற்கும் ஒரு மறைப்பு வேண்டும். ஆஸ்பத்திரி ஆள் வீட்டு வாசலில் நின்றால் தெரு முழுக்கக் கேள்வி. வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் வந்தது எங்களுக்கு எதிர்பாராத வசதி. பாட்டியின் சர்க்கரை மாத்திரையோடு வரும் பெண்ணை ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் அவர் அதே ஊர்க்காரர். எனவே பிள்ளை சம்மதித்தால் மட்டுமே அவரிடம் சொல்வேன். அப்போதும் நடந்ததைச் சொல்லாமல், "பாத்துட்டு எனக்கு ஒரு போன் போடுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். சில பிள்ளைகள் அவரை வேண்டாம் என்று தலையாட்டி, பள்ளியில் பி.டி. வாத்தியார் பெயரைச் சொல்வார்கள். ஏன் எப்போதும் பி.டி. வாத்தியார் என்பது தனியாக யோசிக்க வேண்டிய விஷயம்.

எங்கள் ஏற்பாடு தோற்கும் இடம் மாவட்ட எல்லை. பிளஸ் டூ-வில் தவறிய பெண்ணை ஒரே மாதத்தில் மில் ஹாஸ்டலுக்கு அனுப்பிவிடுவார்கள், எண் மாறிவிடும். எங்கள் திட்டம் மாவட்டவாரியானது, அவளுடைய வாழ்க்கை அப்படியில்லை. அந்த ஊரிலுள்ள எங்கள் ஆட்களை நாங்களே தேடிப் பிடித்து, இன்ன பெயரில் ஒருத்தி வருகிறாள் என்று சொல்லி, அவர்களை முதலில் அவளிடம் பேச வைக்க வேண்டும். இதற்கென்று எந்தப் படிவமும் கிடையாது. ஆகவே கட்டிலோரமே கேட்டு வைத்துக்கொள்கிறேன்: "நீ ஊர் மாறினா யாருக்குக் கண்டிப்பாத் தெரியும்?" பெரும்பாலும் ஒரு தோழியின் பெயர் வரும். அந்த எண்ணையும் என் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.