முத்துக் கரையில் ஒரு மோட்டார் யாத்திரை

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களுக்கு உலகத்தில் நண்பர்கள் அதிகம். புத்திமதி சொல்லும் நண்பர்கள் இன்னும் அதிகம். சென்னையிலிருந்து கடலோரமாகவே போய்த் தூத்துக்குடியையும் அதற்குத் தெற்கே மணப்பாட்டையும் பார்த்துவிட்டு வரப் போகிறோம் என்று வாயை விட்டதும், ரயிலில் போகலாமே என்றார் ஒருவர். விமானத்தில் போகலாமே என்றார் மற்றொருவர். மூன்றாமவர் நமது வண்டியை ஒரு முறை பிரதட்சிணமாக வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுத்தான் நம்மைப் புறப்பட வைத்தது.

'நாம்' என்று எழுதுவதைக் கண்டு, கூட இரண்டு மூன்று பேர் வந்தார்களோ என்று நேயர்கள் எண்ண வேண்டாம். அது பேனா பிடித்தவர்களின் வழக்கம். வண்டியில் இருந்தது ஒரே ஆசாமிதான். சாரதியும் அவரே, பிரயாணியும் அவரே. வண்டி நின்றுவிட்டால் இறங்கித் தள்ளுகிறவரும் அவரே.

வண்டி ஓர் அம்பாஸடர். கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை செய்து வந்தார்களே, அந்த ஜாதி. உருவம் என்னவோ ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்ததுதான். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாக மந்திரிகளையும் மணமக்களையும் பிரசவத்துக்குப் போகும் பெண்களையும் சுமந்து சுமந்து அசல் சுதேசியாகிவிட்டது. நமது வண்டிக்கு வயது நாற்பதுக்கு மேல். வயதானவர்களுக்குரிய நிதானமும் பிடிவாதமும் அதற்கு உண்டு. ஒரு மணி நேரம் ஓடினால் கால் மணி நேரம் நிழலில் இளைப்பாற வேண்டும். புது வண்டிக்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பறந்துவிடுகிற ஊர்களிலெல்லாம் நாம் இறங்கித் தேநீர் சாப்பிட்டதற்குக் காரணம் இதுதான்.

இராமநாதபுரம் வரையில் நடந்ததைச் சொல்லப் போவதில்லை. அந்தச் சாலையைப் பற்றி எழுதாதவர் யார்? இராமநாதபுரத்தில் ஓர் இரவு தங்கிவிட்டு, விடியற்காலையில் கீழக்கரை வழியாகத் தெற்கே திரும்பினோம். அங்கிருந்துதான் தமிழ்நாடு வேறு முகம் காட்டுகிறது. வலப்புறம் பனையும் சீமைக் கருவேலும். இடப்புறம் மன்னார் வளைகுடா. வங்கக் கடலைப் போல் இது இரைவதில்லை. குளம் மாதிரிக் கிடக்கிறது. இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரையில் 21 தீவுகள் கரைக்குக் காவலாக வரிசையிட்டிருக்கின்றன. அவற்றையும் பவளப் பாறைகளையும் காப்பதற்காக 1986-இல் இந்தக் கடலையே தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்குள் கரையார் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டி வெட்டி, தீவுகளில் இரண்டு கடலுக்குள் முழுகியே போய்விட்டன.

சாயல்குடி தாண்டிச் சிறிது தூரம் போனதும் வண்டியின் முகப்பிலிருந்து வெண்புகை கிளம்பியது. தண்ணீர்க் குழாயின் ரப்பர் மூப்பினால் வெடித்துவிட்டது. சுற்றிலும் பனை மரங்களைத் தவிர ஆள் அரவம் இல்லை. தனிப் பிரயாணத்தின் பெருமையெல்லாம் அந்த அரை மணியில் நமக்கு நன்றாக விளங்கியது. பிறகு மொபெட்டில் ஒரு பெரியவர் வந்தார். லாரி பழுது பார்ப்பவராம். வண்டியைப் பார்த்ததும் பழைய சிநேகிதரைக் கண்டவர் போல் முகம் மலர்ந்தது. பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துக் குழாயைச் சுற்றிக் கட்டினார். தம் மொபெட்டில் போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டு வந்தார்.

"ஒத்தையிலயா வந்திய?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றோம், சற்றுப் பெருமையாகவே.

"வீட்டுல சொல்லிட்டு வந்தியளா? சரி, தூத்துக்குடி போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு போன் போடுங்க அண்ணாச்சி. கட்டு நின்னுச்சா இல்லையான்னு தெரியணும்லா."

கூலி வாங்க மறுத்துவிட்டார். கட்டு நின்றது.

வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு. இவை ஏழும் பரதவர்களின் ஏழு கடற்றுறைகள். முத்துக் கரை என்று பேர் பெற்றவை. 1535-ஐ ஒட்டி இக்கரைப் பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறிஸ்துவ மதத்தைத் தழுவினார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தார். 1658-இல் டச்சுக்காரர்கள் வந்து போர்த்துகீசியரை விரட்டினார்கள். 1825-இல் ஊர் ஆங்கிலேயருக்குப் போயிற்று. கொடி மாறிக்கொண்டே வந்தது. கடலுக்குள் இறங்குகிறவன் மட்டும் மாறவில்லை.

அவனைப் பற்றித்தான் நாம் தெரிந்துகொள்ள விரும்பினோம். வேப்பலோடை, தருவைகுளம் பக்கத்து உப்பளங்களின் வெண்மையில் கண் கூசியபடி தூத்துக்குடிக்குள் நுழைந்து, கடற்கரையில் திரேஸ்புரத்துக்குப் போனோம். இன்று சங்கு குளிப்பவர்கள் இருக்கும் இடம் அது. முத்துக் குளித்தலை நேரில் கண்ட ஒரு முதியவர் அங்கே படகு நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். எண்பது வயதிருக்கும்.

அவர் சொன்னதையும் நாம் படித்திருந்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். கரையிலிருந்து பல கல் தொலைவில், பத்து முதல் இருபது மீட்டர் ஆழத்தில், 'பார்' என்னும் பாறைத் திட்டுகளில் சிப்பிகள் விளையும். எல்லா வருஷமும் விளைவதில்லை. சில சமயம் பல வருஷங்களுக்குத் தரிசாகக் கிடக்கும். விளைந்த வருஷத்தில், மாசி பங்குனியில் கடல் அமர்ந்திருக்கும்போது சலாபம் கூடும். குளிக்கிறவன் ஒரு கல்லில் காலை வைத்து, கூடையுடன் கயிற்றைப் பற்றிக்கொண்டு இறங்குவான். ஏறக்குறைய ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பியை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டு கயிற்றை இழுத்துச் சைகை காட்டுவான். மேலே இருப்பவன் தூக்கிவிட வேண்டும். இப்படி நாள் முழுவதும். கரைக்கு வந்த சிப்பிகளை ஏலம் போட்டு விற்பார்கள். வாங்கியவர்கள் அவற்றை அழுக விட்டு, கழுவி, முத்தைத் தேடுவார்கள். அரசிகளின் கழுத்தில் ஜொலித்த முத்துக்கள் எத்தகைய நாற்றத்திலிருந்து பிறந்தன என்பதைக் கவிகள் பாடியதாக நமக்குத் தெரியவில்லை.

சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரம் தெரிந்த 'கடல்கட்டி' ஒருவரும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இம்மந்திரக்காரர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்ததாக எழுதியிருக்கிறார். ஆங்கில சர்க்காரும் இந்தப் பதவியை எடுத்துவிடத் துணியவில்லை. அந்த சர்க்கார் தான் மட்டும் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டது. மூச்சை அடக்கினவர்களுக்கு ஒரு பங்கு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கிரேக்க மாலுமி ஒருவரின் கடற்குறிப்போ, கொற்கையில் மரண தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுத்ததாகச் சொல்கிறது. அதோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு தாராளம்தான்!

கயிறு பிடிக்கிறவன் குளிக்கிறவனின் மைத்துனனாக இருக்க வேண்டும் என்பது இக்கரையில் சொல்லப்படும் வழக்கம். உடன்பிறந்த சகோதரன் கூடச் சொத்துக்கு ஆசைப்படலாமாம். மனைவியின் சகோதரன் கயிற்றை விடமாட்டான். இது மெய்தானா என்று பெரியவரைக் கேட்டோம். அவர் பின்னுவதை நிறுத்தினார்.

"கடைசியாச் சலாபம் நடந்த அறுவத்தொண்ணுல எனக்குப் பதினாறு வயசு. அத்தான் கீழ போவாவ. நான் கயித்தப் பிடிச்சிக்கிட்டு நிப்பேன். வெள்ளனத் தோணி ஏறும்போது எங்க அக்கா அத்தான் முகத்தப் பாக்க மாட்டா. என் கையத்தான் பாப்பா."

1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த முத்துக் குளித்தல் அத்தோடு நின்றது. தூத்துக்குடியிலுள்ள மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் சிப்பிக்குள் கரு வைத்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். அது மெச்சத்தக்க காரியம். ஆனால் கயிறும் கல்லும் மைத்துனனும் அதில் இல்லை.

அன்று மாலை பழைய துறைமுகத்துக்குப் போனோம். தோணிகள் நின்றன. வெங்காயமும் காய்கறியும் கட்டடச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற மர வத்தைகள். முன்காலத்தில் இங்கே ஆழம் போதாமையால் நீராவிக் கப்பல்கள் கரைக்குப் பல கல் அப்பால் நங்கூரமிட, ஆட்களையும் சரக்கையும் படகில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். அந்த ஆழமற்ற நீரைப் பார்த்துக்கொண்டுதான் ஒட்டப்பிடாரத்து வக்கீல் ஒருவர் கப்பல் விடுவது என்று தீர்மானித்தார்.

வ.உ.சிதம்பரம் பிள்ளையின் கதை நேயர்களுக்குத் தெரியாததல்ல. 1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. மூலதனம் 10 லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய், தலைவர் பாண்டித்துரைத் தேவர். 'காலியா', 'லாவோ' என்று சொந்தக் கப்பல்கள் இரண்டு. வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் இனாமாகவே ஆட்களை ஏற்றத் துணிந்தது. 1908-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம், தொழிலாளர் வென்றனர். அதே மார்ச்சு மாதத்தில் பிள்ளை கைதானார். இரட்டை ஆயுள் தண்டனை, கோயமுத்தூர்ச் சிறையில் செக்கு. இவையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பவை.

நாம் அத்துறையில் நின்று எண்ணியது அதற்குப் பிந்தைய பகுதியை. மேல் விசாரணையில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911-லேயே கலைத்துவிட்டார்கள், கப்பல்கள் போட்டிக்காரர்களுக்கே விலைபோயின. சிறைவாசலில் வரவேற்க வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிழைப்புக்காகச் சென்னையில் கடை வைத்தார். பறிபோன வக்கீல் சன்னதை மீண்டும் பெற்றுக் கோவில்பட்டியிலும் பிறகு இவ்வூரிலும் வழக்காடினார். 1936 நவம்பர் 18-ஆம் தேதி காலமானார். துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாயிற்று. நாலு கிலோமீட்டர் அளவுக்கு நீண்ட இரண்டு அலைதாங்கிகளுக்கு நடுவே, ஒரு காலத்தில் எட்டியே நின்ற பெருங்கப்பல்கள் கரையை ஒட்டி நிற்கின்றன. 2011-இல் அத்துறைமுகத்துக்கு வ.உ.சி.யின் பெயர் சூட்டப்பட்டது. அதே வருஷம் ஜூனில் கொழும்புக்குப் பிரயாணிக் கப்பல் ஒன்று விட்டார்கள். அது சில மாதங்களில் நின்றுபோயிற்று. பெயர் சூட்டியது நியாயம். ஆனால் ஒருவரை ஆழத்தில் இறக்கிவிட்டுக் கயிற்றை நழுவ விட்ட தேசம், பிற்பாடு அந்த இடத்துக்கு அவர் பெயரை வைத்து நெஞ்சை ஆற்றிக்கொள்வது அவ்வளவு எளிதா? பனிமய மாதா கோயிலுக்கு முன்னால் நின்றபோதும் இதே கேள்விதான் மனத்தை உறுத்தியது. 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலேறி வந்ததாகச் சொல்லப்படும் மாதா சொரூபத்தைக் கொடி மாறிய நாட்களிலெல்லாம் ஒளித்தும் சுமந்தும் காப்பாற்றியிருக்கிறார்கள் இந்த ஜனங்கள். கப்பலைக் காப்பாற்ற மட்டும் ஆள் இல்லையே!

(மனக் கசப்புக்கு மருந்தாகத் தூத்துக்குடி மக்ரூன் கொஞ்சம் வாங்கினோம். முந்திரிப் பருப்பு, சர்க்கரை, முட்டை வெள்ளை. மூன்றும் சேர்ந்து வாயில் கரைகிற வேகத்தில் தத்துவ விசாரமும் கரைந்துவிடுகிறது.)

மறுநாள் திருச்செந்தூர்ச் சாலையிலிருந்து சற்று உள்ளே விலகிக் கொற்கைக்குப் போனோம். பாண்டியரின் முத்துத் துறை இன்று வாழைத் தோட்டத்துக்கும் நெல் வயலுக்கும் நடுவே ஒரு சிற்றூர். தாமிரபரணி கொண்டு வந்த வண்டல் கடலைப் பல கல் தூரம் தள்ளிவிட்டது. கொற்கைக்குப் பிறகு காயல் பெரிய துறையாயிற்று. அதுவும் மேடிட்டுப் பழையகாயல் ஆயிற்று. பிறகே தூத்துக்குடி.

கடலைத் தள்ளும் நதி கோபித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பரில் இச்சீமை கண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில், தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண் அரித்துப் போனதால், நூற்றுக்கணக்கான பிரயாணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. உதவி வந்து சேரும் வரையில், பக்கத்துக் கிராமத்தார் தங்கள் வீட்டிலும் வெள்ளம் சூழ்ந்திருக்க, அரிசி பருப்பைத் திரட்டிச் சமைத்து அத்தனை பேருக்கும் போட்டார்கள். காயல்பட்டினத்துத் தேநீர்க் கடையில் இதைச் சொன்னவர், இதில் என்ன அதிசயம் என்கிற பாவனையிலேயே சொன்னார்.

திருச்செந்தூரில் செந்திலாண்டவனைத் தரிசித்துவிட்டு, பனங்காட்டின் வழியே உடன்குடிக்கு வந்தோம். சிவந்த தேரி மணலில் வேரூன்றிய பனையின் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அடுத்தது குலசேகரன்பட்டினம். 1942 போராட்டத்தில் உப்பள அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டு, இரண்டு இளைஞர்கள் தூக்குமேடையின் அருகில் போய் மீண்ட ஊர். 2024 பிப்ரவரியில் ராக்கெட் தளத்துக்கு அஸ்திவாரம் போட்டிருப்பதும் இங்கேதான்.

மணப்பாட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கடலுக்குள் நீண்ட மணற்குன்று, அதன் உச்சியில் 1581-ஆம் ஆண்டுத் திருச்சிலுவைக் கோயில், அடியில் சவேரியார் தங்கிய குகை. குன்றின் மேலிருந்து பார்த்தால் ஊர் ஓர் ஓவியம் போல் இருக்கிறது. ஆனால் கீழே நல்ல சத்தம். கரைக்கு வந்த ஒரு படகைப் பத்துப் பதினைந்து பேர் வடம் கட்டி மணலில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இறங்கிப் போய் வேடிக்கை பார்த்தோம். படகு நகரவில்லை.

"சும்மா நிக்கியளே அண்ணாச்சி, ஒரு கை பிடிங்க!" என்றான் ஓர் இளைஞன், வடத்தின் நுனியை நம் பக்கம் எறிந்து.

பிடித்தோம். உள்ளங்கைத் தோல் உரிந்தது, படகும் ஏறியது. கூலி என்று சொல்லி ஒரு பாரை மீனை ஓலையில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். மறுத்தால் அவர்கள் கோபிப்பார்கள் போலிருந்தது. ஆகவே அதை வண்டியில் முன் ஆசனத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூத்துக்குடிக்குத் திரும்பினோம். வண்டியில் இன்னும் அந்த வாசனை போகவில்லை.