பூவும் பசியும்

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியபின் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு நடந்து செல்வதில் எனக்குத் தனி ஆனந்தம் உண்டு. வீட்டு வேலிகளிலே சிவபூஜைக்கென்று வளர்த்த செவ்வரளியும், திரிகூட மலையின் அடிவாரமெங்கும் கொத்துக் கொத்தாய்ப் பூத்த உண்ணிச்செடியும் கண்ணைக் கவர்கின்றன; இரண்டும் ஆடுமாடுகளுக்கு நஞ்சென்று அறிந்திருந்தும் அவற்றை வெறுக்க என் மனம் இசைவதில்லை.

அரளியின் இலை, பூ, பட்டை, வேர் யாவும் இருதயத்தைத் தாக்குபவை. ஒரு கைப்பிடி இலையே ஓர் ஆட்டைக் கொன்றுவிடும். பச்சை இலையின் கசப்பு எச்சரிக்கையாக நிற்பதால் மேயும் ஆடு முகர்ந்துவிட்டு விலகிப் போகிறது. ஆனால் வேலியைக் கழித்தவர் தெருவோரம் எறிந்த கிளைகள் வெயிலில் வாடும்போது கசப்புத்தான் குறைகிறதே தவிர, நஞ்சு குறைவதில்லை.

உண்ணியோ அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்களிலிருந்து அலங்காரத்துக்காக வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டு, பின்னர்ப் பறவைகள் விதையைப் பரப்ப நாடெங்கும் காடாய் மண்டியது. அதன் நஞ்சு கல்லீரலைக் கெடுத்துப் பித்தநீரைத் தடுக்கிறது. தின்ற தழையின் பச்சையம் வயிற்றில் சிதைந்து உண்டாகும் பொருள், பித்தத்தோடு கழிய வேண்டியது, இரத்தத்தில் தேங்கித் தோலை அடைகிறது. அதன்மேல் வெயில் பட்டதும் மூக்கும் காதும் மடியும் வெந்து புண்ணாகின்றன. ஜீவராசிகளுக்கெல்லாம் ஆதாரமான பச்சையமும் சூரிய ஒளியும் சேர்ந்தே ஒரு பசுவைச் சுடுகின்றன என்பது என் நெஞ்சை உலுக்கும் விபரீதம். நோயுற்ற மாட்டை முதலில் நிழலில் கட்டும்படி கால்நடை மருத்துவர் சொல்வது இதனால்தான்.

மலையடியிலே பிறந்து வளர்ந்த மாடு பெரும்பாலும் உண்ணியைத் தீண்டுவதில்லை. வேற்றூர்ச் சந்தையிலிருந்து புதிதாய் வந்த மாடும், கோடையில் புல் கருகிப் பசித்த மாடுமே அதில் வாய் வைக்கின்றன. புல் முளைக்க வேண்டிய தரையையும் அப்புதரே மூடிக்கொள்வதால் பசி இரட்டிப்பாகிறது.

ஆகையால் அரளிக் கிளைகளைக் கழிப்பவர் குழி தோண்டிப் புதைக்கட்டும். புதுமாடு வாங்கியவர் அதற்கு வயிறாரத் தீனியிட்ட பின்னரே மேய்ச்சலுக்கு விடட்டும். ஊரார் மேய்ச்சல் புறம்போக்கில் உண்ணியை வேரோடு அகற்றிப் புல் வளர்க்கட்டும். வாயில்லா ஜீவனைப் பசிக்க விட்டுவிட்டுப் பூவின்மேல் பழி சுமத்துவது நியாயமாகாது.