திருவனந்தபுரமா, டிரிவாண்ட்ரமா?

தம்பானூர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே பஸ் ஸ்டாண்ட். நாகர்கோவிலுக்கு ஆள் கூப்பிடும் குரல்களில் பாதி தமிழ், பாதி மலையாளம். கிழக்கே கோட்டைப் பக்கம் நடந்தால் சாலைக் கடைத்தெரு. திவான் ராஜா கேசவதாசன் காலத்தில் உருவான இந்தச் சந்தையில் தமிழ் தெரிந்தால் போதும், பேரம் பேசிவிடலாம். ஊரின் பெயரில்தான் குழப்பம். அரசுப் பலகைகளில் திருவனந்தபுரம். வழுதைக்காட்டில் இருக்கும் பழைய கிளப்பின் பெயரில் டிரிவாண்ட்ரம். விமான டிக்கெட்டில் 'டிஆர்வி', ரயில் டிக்கெட்டில் 'டிவிசி'.

1991ல் கேரள அரசு ஆங்கிலத்திலும் திருவனந்தபுரம் என்றே எழுத வேண்டும் என்று அறிவித்தது. குயிலான் கொல்லமானதும், ஆலெப்பி ஆலப்புழையானதும், காலிகட் கோழிக்கோடானதும் அந்தக் காலகட்டத்தில்தான். பம்பாய் மும்பையாவதற்கு நான்கு ஆண்டுகளும், மெட்ராஸ் சென்னையாவதற்கு ஐந்து ஆண்டுகளும் முன்பே கேரளம் முந்திக்கொண்டது.

தமிழர்களுக்கு இதில் சிரமமே இல்லை. அனந்தன் மேல் பள்ளிகொண்ட பத்மநாபனின் ஊர் நம்மாழ்வார் பாடிய தலம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. தமிழில் எழுதினால் ஒன்பதே எழுத்து. ஆங்கிலத்தில் எழுதினால் பதினெட்டு. டிரிவாண்ட்ரம் என்றால் பத்தோடு முடிந்துவிடும். வடக்கிலிருந்து வருபவர்கள் பாதியிலேயே மூச்சு வாங்குவதில் ஆச்சரியமில்லை.

'திரு'வைத் துண்டித்தது வெள்ளைக்காரர்களின் பழைய பழக்கம். திருச்சிராப்பள்ளி டிரிச்சினோபோலி ஆனது. திருவல்லிக்கேணி டிரிப்ளிகேன். திருநெல்வேலி டின்னவெல்லி. இந்த ராஜ்யத்தின் பெயரே திருவிதாங்கூரிலிருந்து டிராவன்கூர் ஆயிற்று. ஆகவே டிரிவாண்ட்ரமும் வாயில் நுழையாத வெள்ளைக்காரன் செய்த கொலை என்று சொல்லிவிடுவது சுலபம்.

ஆனால் உள்ளூர்க்காரர்கள் பேசுவதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவசரத்தில் அவர்கள் சொல்வது 'திருவந்தோரம்'. திருவனந்தபுரம் என்று முழுசாகச் சொல்வது மேடையிலும் ரேடியோவிலும்தான். திருவந்தோரத்துக்கும் டிரிவாண்ட்ரத்துக்கும் உள்ள தூரம் அதிகமில்லை. அன்றைய ஆங்கிலேயன் ஏட்டைப் பார்த்து எழுதியதைவிட, தெருவில் கேட்டதை எழுதிக்கொண்டிருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் 'தவறான' பெயர் மக்கள் பேச்சின் நிழல். 'சரியான' பெயர் எழுத்தின் பிடிவாதம். தஞ்சாவூரைத் தஞ்சை என்றும் திருநெல்வேலியை நெல்லை என்றும் சுருக்கும் நமக்கு இது புரியாத விஷயமல்ல.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஜெர்மானியர்கள் தங்கள் ஊரை முன்ஷென் என்கிறார்கள். ஆங்கிலத்தில் அது மியூனிக். கோல்ன் நகரம் ஆங்கிலத்தில் கொலோன். இதனால் அந்த ஊர்களின் மானம் போய்விடவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் பெயர்களை ஜெர்மானியர்கள் மீது ஆங்கிலேயர்கள் ஆட்சி செய்து திணிக்கவில்லை. இங்கே டிரிவாண்ட்ரம் என்பது ரெசிடென்டின் கடிதங்களிலும் ரயில்வே கால அட்டவணைகளிலும் ஏறி, ஊர்க்காரன் தன் முகவரியையே அப்படி எழுதும் நிலை வந்தது. அதை மாற்ற ஆசைப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

அதற்காகப் பழையதையெல்லாம் அழித்து எழுத முடியாது. 1905ல் தொடங்கிய 'டிரிவாண்ட்ரம் சான்ஸ்கிரிட் சீரிஸ்' ஓர் உதாரணம். திருநெல்வேலிச் சீமையின் தருவையில் பிறந்த கணபதி சாஸ்திரி, பாசன் எழுதியவை என்று 13 நாடகங்களை 1912 முதல் அந்த வரிசையில் பதிப்பித்தார். உலகமெங்கும் அறிஞர்கள் அவற்றை 'டிரிவாண்ட்ரம் நாடகங்கள்' என்றே குறிப்பிடுகிறார்கள். பெயரை மாற்றினால் நூலகத்தில் தேடுபவனுக்குத்தான் கஷ்டம். ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்துக்கான 1980ம் ஆண்டு மத்திய சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலும் டிரிவாண்ட்ரம் இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் ஹைகோர்ட் இருப்பது போலத்தான்.

ஆக, ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு வழி இதுதான். இன்றைய ஊருக்கும் முகவரிக்கும் திருவனந்தபுரம். பழைய நூலுக்கும், தன் பெயரை மாற்றிக்கொள்ளாத நிறுவனத்துக்கும் டிரிவாண்ட்ரம். பேச்சில் அவரவர் நாக்கு.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத ஆணை வந்தது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் கிடைத்த விசித்திர எழுத்துகளைப் பார்த்து ஊரே சிரித்தது. சில நாட்களில் ஆணை வாபஸ் ஆனது. ஆங்கில எழுத்துகளுக்குள் நம் ஒலியை முழுசாக அடைக்க முடியாது என்பதுதான் அதில் கிடைத்த பாடம்.

கேரளம் தளரவில்லை. 2024ல் கொச்சுவேளி ரயில் நிலையம் திருவனந்தபுரம் வடக்கு ஆனது. நேமம், திருவனந்தபுரம் தெற்கு. பதினெட்டு எழுத்து போதாதென்று இப்போது திசையும் சேர்ந்துவிட்டது. தம்பானூரில் ஆட்டோ பிடிப்பவர்கள் மட்டும் எந்த நிலையம் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.