பட்டினி போட்டா கணையப் புற்று சாகுமா?

1/ "டாக்டர், விரதம் இருந்தா ஆட்டோபேஜி நடக்குமாம். கேன்சர் செல்லை உடம்பே தின்னுடுமாமே?" இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. கணையப் புற்றுநோயில் இந்த நம்பிக்கை ஆபத்தானது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/ ஆட்டோபேஜின்னா தன்னைத் தானே தின்பது. செல்லுக்குள் பழுதான புரதம், ஓய்ந்துபோன மைட்டோகாண்ட்ரியா எல்லாத்தையும் ஒரு சவ்வுப் பை சுருட்டி எடுத்து, லைசோசோம் என்ற அமிலப் பையோடு சேர்க்கும். அங்கே அது கரைஞ்சு மறுபடி மூலப்பொருளாகும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு காயலான் கடை இருக்குன்னு வச்சுக்குங்க.

3/ 1963-ல் இதுக்குப் பெயர் வைத்தவர் கிறிஸ்டியன் டி டூவ். ஈஸ்ட்டில் இது எப்படி நடக்குதுன்னு கண்டுபிடிச்ச யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு. நல்ல செல்லுக்கு இது ஒரு காவல், குப்பை சேரவிடாது. இதுவரைக்கும் யூடியூப்ல சொல்றது சரிதான்.

4/ ஆனா புற்று வந்த பிறகு அந்தக் கடை யார் கையில் இருக்கு? கணையக் கட்டியைச் சுற்றி தழும்பு மாதிரி கெட்டியான திசு வளரும். ரத்தக் குழாய்கள் நசுங்கும். ஆக்சிஜனும் சத்தும் சரியா போகாது. அந்தப் பஞ்சத்திலும் கட்டி வளருது. தன்னையே தின்று பிழைக்கத் தெரிஞ்ச செல் அது. 2011-லேயே இதை ஆய்வகத்தில் காட்டிட்டாங்க.

5/ இன்னொண்ணு. தன் செல் எது, கெட்ட செல் எதுன்னு நோய் எதிர்ப்பு அணுக்கள் பார்க்க, ஒவ்வொரு செல்லின் மேலும் ஒரு அடையாள அட்டை இருக்கும். கணையப் புற்று செல் அந்த அட்டையையே உள்ளே இழுத்து தின்னுடுது. 2020-ல் வந்த ஆய்வு இது. அதாவது சாப்பாடும் அதுதான், முகமூடியும் அதுதான்.

6/ அப்போ ஆட்டோபேஜியை அடைச்சுட்டா? மலேரியா மருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின் அதைச் செய்யும். கீமோவோடு சேர்த்து 112 பேரிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. கட்டி சுருங்கினவங்க 38%, கீமோ மட்டும் எடுத்தவங்களில் 21%. ஆனா ஆயுள் கூடலை.

7/ பரவலில் இது இன்னும் சிக்கல். அதே 2019-ல் எலிகளில் ஒரு ஆய்வு. ஆட்டோபேஜிக்குத் தேவையான ஏடிஜி 5 மரபணுவின் ரெண்டு பிரதியும் இல்லாத எலிகளுக்குக் கட்டியே வரலை. ஒரு பிரதி மட்டும் இல்லாத எலிகளுக்கோ கட்டியும் பரவலும் அதிகமாச்சு. அந்த செல்களுக்கு நகர்ந்து ஊடுருவுற சக்தி கூடியிருந்தது. முழுசா நிறுத்தினா ஒரு விளைவு, பாதி குறைச்சா நேர் எதிர் விளைவு!

8/ இவ்வளவு நுணுக்கமான விஷயத்தை பட்டினி போட்டு திருகி சரிபண்ண முடியுமா? நீங்களே சொல்லுங்க.

9/ போன வருஷம் ஒருத்தர் வந்தார், ஐம்பது சொச்சம் வயசு. நோய் தெரிஞ்சதும் வீடியோ பார்த்து தண்ணீர் விரதம். என்கிட்ட வரும்போது நடக்கத் தெம்பில்லை, கீமோவைத் தள்ளிப்போட வேண்டியதாச்சு. அவர் மகள் அழுதுகிட்டே சொன்னாங்க: "இட்லி கேட்டார் சார். நாங்கதான் கொடுக்கலை."

10/ "அப்பா பிழைக்கணும்னுதானே செஞ்சீங்க, இன்னைக்கு ராத்திரி இட்லி கொடுங்கம்மா"ன்னேன். சில வாரம் கழிச்சு அவருக்குக் கீமோ ஆரம்பிக்க முடிஞ்சது.

11/ இந்த நோயே ஆளை உருக்கிடும். செரிமான நொதி குறையறதால தின்பதும் ஒட்டாது. மலம் எண்ணெய்ப் பசையோட மிதந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க, சாப்பாட்டோட எடுக்கிற நொதி மாத்திரை இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி கொடுங்க. முட்டை, மீன், பருப்பு, தயிர், எது இறங்குதோ அது.

12/ மஞ்சள் காமாலை, முதுகுக்குப் பாயும் மேல் வயிற்று வலி, காரணமில்லாத எடை குறைவு, 50 வயசுக்கு மேல் எடை குறைஞ்சுகிட்டே புதுசா வரும் சர்க்கரை. இதில் ஏதாவது இருந்தா தள்ளிப்போடாம காட்டுங்க.

13/ ஆரோக்கியமா இருக்கிறவங்க விரதம் இருப்பது வேற விஷயம், அதில் நான் தலையிடலை. உங்க வீட்டு நோயாளி பசிக்குதுன்னு சொன்னா மட்டும் தட்டு வையுங்க. விரத வீடியோ வந்த அதே குடும்ப குரூப்புக்கு இதையும் அனுப்பிடுங்க.