ரெண்டு ஊரு வெள்ளி

2024 மார்ச் மாசம் முதல் வெள்ளிக்கிழமை. ராத்திரி பதினோரு மணி. சிங்கப்பூர் பீச் ரோட்டில் கோலாலம்பூர் பஸ்ஸுக்காக நாலு பெண்கள் காத்திருந்தார்கள். நாலு பேரும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே வணிகப் பிரிவு, மூணாவது வருஷம். (அந்தக் காலத்துல எல்லாரும் பஸ் ஏறின கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 2023-லயே மூடியாச்சு. அதனால ரோட்டோரமா நின்னுதான் ஏறணும்.)

ரெண்டு பேர் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒருத்தி திருச்சிக்காரி. இன்னொருத்தி ஈப்போவிலிருந்து ஸ்காலர்ஷிப்பில் வந்தவள். ஊர் சுத்திக் காட்டப் போவது அவள்தான். அவள் கோலாலம்பூருக்குப் போனதே மொத்தம் மூணு தடவை என்பது வேறு விஷயம் :)

சிங்கப்பூர்க்காரிகளில் ஒருத்திக்குக் கணக்குப்பிள்ளை என்றே பெயர். ஆளுக்கு 120 டாலர் வாங்கி, ஒரு ஜிப் வைத்த பையில் போட்டு, ரிங்கிட்டாக மாற்றி வைத்திருந்தாள். அப்போது ஒரு டாலருக்கு ஏறக்குறைய மூன்றரை ரிங்கிட். நாலு பேருக்குமாகச் சேர்த்து 1,680. பஸ் டிக்கெட் தனி.

எல்லையிலேயே முதல் கூத்து. இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியா விசா கேட்கவில்லை என்று திருச்சிக்காரி தெம்பாக இருந்தாள். ஆனால் வருகை அட்டையை முன்கூட்டியே இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். சிங்கப்பூர்க்காரர்களுக்கு அது தேவையில்லை, அதனால் யாருக்கும் ஞாபகமும் வரவில்லை. வரிசையில் நின்றபடியே போனில் தட்டி, பாஸ்போர்ட் எண்ணை ரெண்டு தடவை தப்பாகப் போட்டு, ஒருவழியாக வெளியே வந்தபோது பஸ் டிரைவர் எஞ்சினை உறும விட்டுக்கொண்டிருந்தார். மத்த மூணு பேரும் வாசலில் பையை வைத்து மறித்துக்கொண்டு நின்றதால்தான் பஸ் போகவில்லை.

விடியக்காலை தெற்கு பஸ் முனையம். அங்கிருந்தே ஒரே ரயிலில் பத்துமலை. 42.7 மீட்டர் முருகன், 2018-ல் வர்ணம் அடித்த 272 படிகள். பாதிப் படியில் ஒரு குரங்கு, கணக்குப்பிள்ளை கையிலிருந்த பிளாஸ்டிக் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அவள் போட்ட அலறலில் பூசைக்கு வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நல்லவேளை, அது வாழைப்பழப் பை. பணப்பை இல்லை.

அப்புறம் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு, பெட்டாலிங் தெருவில் பேரம், ராத்திரி ஜாலான் அலோரில் புகைக்கு நடுவே சாத்தே. போன இடமெல்லாம் ஒரே வசனம்தான். "ஏய், ரொம்ப சீப்புடி! நம்ம காசுல மூணே டாலர்!" சொல்லிச் சொல்லி வாங்கினார்கள். மூணு ஜோடி செருப்பு, யாருக்கும் சைஸ் சேராத ஒரு சட்டை, என்னவென்றே தெரியாத ஒரு ஊறுகாய்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு மாமாக் கடை. ரொட்டி சானாய் ஒன்று ஒன்றரை ரிங்கிட். கணக்குப்பிள்ளை ஆரம்பித்தாள்: "நம்ம ஊர்ல ஒரு புராட்டா ஒன்றரை வெள்ளி. இங்கயும் ஒன்றரை வெள்ளி. ஆனா இந்த வெள்ளி வேற வெள்ளி. கிட்டத்தட்ட சும்மா குடுக்குறாங்க!"

ஈப்போக்காரி தே தாரிக்கைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா கையுறை ஃபேக்டரியில வேலை செய்யிறாங்க. மாசம் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி. குறைஞ்சபட்சச் சம்பளம். அந்தப் பையில எவ்ளோ போட்ட?"

யாரும் பதில் சொல்லவில்லை. 1,680 என்று எல்லோருக்கும் தெரியும்.

"காலையிலேருந்து சீப்பு சீப்புங்கறீங்க. எங்களுக்கு இது சீப்பு இல்லை லா. இதுதான் விலை. என் பங்கு 120 டாலர், நான் ஆறு வாரம் டியூஷன் எடுத்ததுல மிச்சம் பிடிச்சது."

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழர்கள் ரெண்டு நாட்டுப் பணத்தையும் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் ரெண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. 1967-ல் நோட்டுகள் தனித்தனியாகப் பிரிந்த பிறகும், 1973 மே மாதம் வரை ஒன்றுக்கு ஒன்று சமமாக மாற்றிக்கொள்ளலாம். அந்த ஏற்பாட்டை மலேசியா முடித்துக்கொண்ட பிறகு மதிப்பு விலகிக்கொண்டே போனது. சொல் மட்டும் விலகவில்லை. மூணு வருஷமாக அந்நியச் செலாவணிப் பாடம் படித்த நாலு பேருக்கும் இது அந்த மேசையில்தான் உறைத்தது என்பது கொஞ்சம் வெட்கக்கேடு.

அமைதியை உடைத்தது திருச்சிக்காரி. "எனக்கும் ஒண்ணும் சீப்பு இல்ல. இந்த ரொட்டி இருபத்தாறு ரூவா. எங்க தெருமுனையில பரோட்டா பதினஞ்சு. நான் வந்ததே பேங்க் லோன்ல... வாய மூடிக்கிட்டுத் தின்னுட்டு இருக்கேன்."

முதலில் சிரித்தது ஈப்போக்காரிதான். அப்புறம்தான் மத்தவர்கள். கணக்குப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. "சாரிடி. நான் யோசிக்கவே இல்லை" என்றாள். "தெரியும், அதனாலதான் சொன்னேன்" என்றாள் இவள்.

ஞாயிற்றுக்கிழமை இரட்டைக் கோபுரம். 452 மீட்டர். மேலே போக டிக்கெட் எடுத்தபோது, மலேசிய அடையாள அட்டைக்கு விலை குறைவு என்று தெரிந்தது. ஈப்போக்காரி அட்டையை ஆட்டிக் காட்டி, "பாத்தீங்களா, எனக்கு மட்டும்தான் சீப்பு!" என்றாள். அதற்குமேல் அன்றைக்கு அந்தச் சொல்லை யாரும் எடுக்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் கணக்குப்பிள்ளை பில்லைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள், மூடினாள்.

ராத்திரி பஸ் முனையத்தில் பையை எண்ணினால் 23 ரிங்கிட் பாக்கி. மீதியை ஈப்போக்காரியே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்ல வந்தவர்கள், சொல்லலாமா கூடாதா என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அவளே பையைப் பிடுங்கிக்கொண்டு போய், நாலு தே ஓவும் ஒரு பொட்டலம் முறுக்கும் வாங்கி வந்தாள். திருச்சிக்காரி ஒரு வாய் குடித்துவிட்டு, "பரவால்லயே, இவ்ளோ சீ..." என்று இழுத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இவ்ளோ சீனியா போட்டிருக்காங்கன்னு சொல்ல வந்தேன்!"

பஸ் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு லெக்சர்.